எதிர் ஃபிளாட்டில் இரண்டு இனியாள்

எதிர் ஃபிளாட் வினோதாவுக்கு இரண்டு இனியாள். ஒன்று அவள் பெற்றது, ஒன்றரை வயது. மற்றது, பிள்ளைக்கு வலிப்பு வந்தால் சமாளிக்கப் பழகச் சுகாதார மையம் கொடுத்த பயிற்சிப் பொம்மை. அதே முகம், அதே சூடு, அதே அழுகை. சொல்லாமல் கொள்ளாமல் அதற்குக் காய்ச்சல் ஏறி வலிப்பு வரும். முடிந்ததும், வினோதா கவனித்துக்கொண்ட லட்சணத்துக்கு அதுவே மார்க் சொல்லும்.

ஒவ்வொரு தடவையும் நான் இரும்புச் சாவிக்கொத்தோடு ஓடுவேன். "அத உள்ள வைங்கக்கா. கையில, வாயில எதையும் திணிக்கக் கூடாது" என்பாள், பெரிய டாக்டரம்மா மாதிரி. முதல் மாதம் வாயில் ஸ்பூனைத் திணித்து, கூப்பாடு போட்டு, முட்டை வாங்கியவள்தான்.

நேற்றும் சத்தம் கேட்டு ஓடினேன். குழந்தையை ஒருக்களித்துப் படுக்கவைத்து, கடிகாரத்தைப் பார்த்தபடி, "இன்னைக்கு நூத்துக்கு நூறுதான்க்கா" என்று சிரித்தாள்.

சற்று முன்புதான், அவள் குளிக்கும்போது, அவள் புருஷன் பொம்மையை ரிப்பேருக்குத் தூக்கிப்போனதை ஜன்னல் வழியாகப் பார்த்திருந்தேன்.

குழந்தையின் உதடு நீலம் பாரித்திருந்தது. சொன்னால் பதறுவாள், மறுபடி ஸ்பூனைத் தேடுவாள். போனில் ஆம்புலன்ஸ் பட்டனை மறைவாக அழுத்தினேன். எந்தச் சேதியும் என் வாயில் தங்காது என்று இந்தக் குடியிருப்புக்கே தெரியும். முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு நின்றேன்.

வலிப்பு நின்றது. குழந்தை மூச்சை இழுத்துச் சிணுங்கியது. வினோதா காதைத் தீட்டிக்கொண்டு காத்திருந்தாள்.

"என்னக்கா, இன்னும் மார்க் சொல்லக் காணோம்?"