முயல் ஒதுங்கவில்லை

பந்தயத்தில் முன்னால் ஓடி வேகம் கொடுத்துவிட்டு, ஆயிரம் மீட்டரில் ஒதுங்கிவிடுபவனை மொராக்கோவில் முயல் என்போம். பதினொரு வருஷம் என் நண்பன் உசைத்துக்கு நான்தான் முயல். புல்லில் நின்று மூச்சுவாங்கியபடி அவன் சாதனைக்குக் கைதட்டுவேன்.

"வல்லாஹி, அடுத்த தடவை உனக்கு நான் முயல்டா" என்று சத்தியம் செய்வான், ஒவ்வொரு தடவையும். போன மாதம் செத்துப்போனான்.

இன்று காலை ஆயிரத்தைந்நூறு மீட்டரைத் தனியாக ஓடினேன். முன்னால் அவன் காலடிச் சத்தம் கேட்டது. வாக்கைக் காப்பாற்றிவிட்டான் என்று அழுதுகொண்டே ஓடினேன். ஆயிரம் மீட்டர் தாண்டியும் சத்தம் ஒதுங்கவில்லை.

பயிற்சியாளர் மிமூன் கடிகாரத்தை நீட்டினார். "முடிவுக் கோட்டுல ரெண்டு தடவை அமுக்கியிருக்கேன்டா. ஏன்னே தெரியல."

இரண்டு நேரங்களும் உசைத்தின் பழைய சாதனையை முறியடித்திருந்தன. என்னுடையது இரண்டாவது.