மூன்றில் நின்ற முகடு

"இதை எங்கேருந்து கொண்டுவந்து ஒட்டினீங்க?"

பேராசிரியரின் விரல் கணினித் திரையின் வரைபடத்தில், மூன்று என்ற எண்ணுக்கு மேல் எழுந்து நின்ற சின்ன முகட்டைத் தட்டியது. எதிரே நின்றாள் ஆராய்ச்சி மாணவி. இரண்டு பிள்ளைகள் பிறந்த பிறகு படிக்க வந்தவள். இன்று அவர் ஆய்வேட்டில் கையெழுத்துப் போடாவிட்டால் ஐந்து வருட உழைப்பு அம்போதான்.

"நான் எதையும் ஒட்டலை சார். லேசர் பட்டதும் மெத்தனால் மூலக்கூறு வெடிக்குது. சிதறுற துண்டுகளோட எடைதான் திரையில வருது. ஒண்ணுன்னா ஒத்தை ஹைட்ரஜன். மூணுன்னா, மூணு ஹைட்ரஜன் ஒண்ணா சேர்ந்து..."

"வெடிக்கிற வீட்டுக்குள்ளேருந்து மூணு பேர் நிதானமா கைகோத்துக்கிட்டு வெளிய வருவாங்களாக்கும்? யார்கிட்ட காது குத்தறீங்க?"

"வந்திருக்காங்களே சார்!"

"அப்போ மெத்தனால் வர்ற குழாய்ல அழுக்கு. இல்லேன்னா ஆய்வேடு எடுபடணும்னு நீங்களே..."

அவர் முடிக்கவில்லை. முடிக்காமல் விட்டதுதான் அவளுக்கு அதிகமாக வலித்தது.

"உங்க ஆய்வேட்டையும் படிச்சேன் சார். இதே மூலக்கூறு, இதே மாதிரி லேசர். அதுல மூணுங்கிற எண்ணுல முகடே இல்லை. அந்தப் பயத்துலதான் நானும் மூணு தடவை குழாயைக் கழுவிட்டுப் பார்த்தேன்."

"அதைத்தான் நானும் சொல்றேன்!" என்றார் சுருக்கென்று.

சந்தேகம் வந்துவிட்டால் லேசில் விடுமா? குழாயை அவரே மாற்றினார். புது மெத்தனால் குப்பியை அவரே திறந்தார். பம்ப் ஓடி, லேசர் பாயும் கலனுக்குள் இருந்த காற்றெல்லாம் வெளியேற மூன்று மணி நேரம் பிடித்தது. அதுவரை அவளை ஒரு திருகாணியைக்கூடத் தொடவிடவில்லை.

"சாவியைக் குடுத்துட்டு வெளிய நில்லுங்க. நான் தனியா பார்த்துக்கறேன்."

ஆய்வேட்டை மார்போடு அணைத்துக்கொண்டு, கதவின் பச்சைக் கண்ணாடி வழியாக அவள் உள்ளே பார்த்துக்கொண்டிருந்தாள்.

உள்ளே லேசர் ஓடத் தொடங்கியது. திரையில் ஒன்றுக்கு மேல் முகடு எழுந்தது. இரண்டுக்கு மேல் எழுந்தது. கொஞ்ச நேரத்தில் மூன்றுக்கு மேலும் எழுந்தது.

"மறுபடியும் வந்துட்டியா?" என்று வாய்க்குள் முணுமுணுத்தார் பேராசிரியர். அவர் விரல் அழிக்கும் பொத்தான் வரை போயிற்று. நிமிர்ந்து பார்த்தார். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் அவள் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தாள்.

கதவு திறந்தது.

"எங்கேம்மா கையெழுத்துப் போடணும்?"

"அப்போ... நான் ஏமாத்தலைன்னு இப்பவாவது நம்பறீங்களா சார்?"

"காலையில திரையைப் பார்த்தப்பவே நம்பிட்டேன்," என்றார், அவள் முகத்தைப் பார்க்காமல். "பன்னெண்டு வருஷத்துக்கு முன்னாடி, இதே முகட்டை அழுக்குன்னு சொல்லி அழிச்சுட்டுத்தான்மா நான் பட்டம் வாங்கினேன்."