வைரம் செய்த வெள்ளிக்கிழமை

"கரியில வைரம் செய்யப் போறாராம்! அப்ப எங்கட ஊட்டு அடுப்பெல்லாம் என்ன, நகைக்கடையா?"

கச்சிமுகம்மது சொன்னதும் கொல்லுப்பட்டறையே குலுங்கிச் சிரித்தது. சாய்ந்தமருதில் தேத்தண்ணிக் கடை வைத்திருப்பவர். அவர் வாய்க்கு ஊரே பயப்படும்.

மஜீட் மாஸ்டர் ஊர்ப் பள்ளிக்கூடத்து வாத்தியார். தானே தேடிக்கொண்ட வினை. அமெரிக்காவில் கரியை நெருக்கிச் சூடாக்கி வைரமாக்கிவிட்டார்கள் என்று அந்த ஐம்பத்தைந்தாம் வருசம் பேப்பரில் வந்தது. அதை வகுப்பில் சொன்னார். "பொய் படிப்பிக்கிற ஆளுக்கிட்ட புள்ளயள விடமாட்டம்" என்று பெற்றவர்கள் சண்டைக்குக் கிளம்பிவிட்டார்கள்.

"கரியும் வைரமும் ஒரே சாமான். வெள்ளிக்கிழமை காட்டுறன். இல்லாட்டி இந்த ஊர விட்டே மாறிப் போறன்" என்று ரோசத்தில் சொல்லிவிட்டார் மாஸ்டர்.

இன்று ஜும்ஆத் தொழுகை முடிந்ததும் பட்டறையில் கூட்டம் கூடிவிட்டது. மாஸ்டர் இரும்புக் குழாயில் கரித்தூளை இடித்து இடித்து அடைத்தார். கச்சிமுகம்மது குழாயை வாங்கி ஒற்றைக் கண்ணால் எட்டிப் பார்த்தார்.

"ஓம் ஓம், இப்பவே மின்னுது!"

கொல்லர் அழகரெத்தினம் இரண்டு வாயிலும் ஆப்பு அறைந்து உலையில் வைத்தார். துருத்தி ஊதியது.

படார்! ஒரு பக்கத்து ஆப்பு பறந்துபோய்க் கூரையில் அடித்தது.

"நிப்பாட்டாதீங்க அண்ணன், ஊதுங்க" என்றார் மாஸ்டர்.

பின்னேரத் தொழுகைக்கு அஸர் பாங்கு சொல்லும் வரைக்கும் ஊதினார்கள். ஆறவைத்துக் கொட்டினால், ஒரு பிடி சாம்பல்.

"எங்க மாஸ்டர் வைரம்? பஸ் எத்தின மணிக்கு?" என்று ஒருவன் கத்தினான்.

கூட்டம் கூக்காட்டியது. மாஸ்டர் குடையை எடுத்தார். கச்சிமுகம்மது மட்டும் சிரிக்கவில்லை. குந்தியிருந்து சாம்பலை விரலால் அரித்துக்கொண்டிருந்தார்.

"என்ன காக்கா தேடுறீங்க?" என்று அண்ணன் முறைவைத்துக் கேட்டார் மாஸ்டர்.

அவர் குரலைத் தாழ்த்தினார். "எட்டிப் பாக்கக்குள்ள என்ட மோதிரக் கல்ல உள்ளுக்குப் போட்டன் மாஸ்டர். அசல் வைரம். உங்கட மானம் போகப்படாதெண்டுதான். உருகிட்டோ?"

மாஸ்டர் குடையைக் கீழே வைத்துவிட்டு அவர் பக்கத்தில் குந்தினார்.

"உருகாது காக்கா. ஆப்புப் பறந்துட்டுதே, இந்தச் சூட்டுல காத்துப் பட்டா எரிஞ்சிடும். அதுவும் கரிதானே."

கச்சிமுகம்மது விரலில் ஒட்டிய சாம்பலைத் தட்டினார். பிறகு எழும்பி, கல்லில்லாத மோதிரத்தை உயர்த்திப் பிடித்தார்.

"டேய், சிரிப்ப நிப்பாட்டுங்கடா! கரியும் வைரமும் ஒண்டுதான். மாஸ்டர் காட்டிட்டாரு. நான் சாட்சி!"