வெள்ளை சிமெண்ட்

மொட்டைமாடி விரிசலை அடைத்துக்கொண்டிருந்த கொத்தனார் சவரிமுத்துவின் கன்னம் வீங்கியிருந்தது. "மயிரிழையா இருந்தப்பவே கூப்பிட்டிருந்தா பூசி விட்டிருப்பேன். இப்ப உள்ள கம்பியே துருப்பிடிச்சுப் போச்சு. வருசத்துக்கு ஒருதரம் மேல ஏறிப் பாக்க வேண்டாமா?" என்று வீட்டுக்காரரைக் கடிந்துகொண்டார்.

வீட்டுக்காரர் இறங்கிப் போனதும் சித்தாள் பேச்சியம்மா சிரித்தாள். "உங்க பல்லு பொட்டுக் கறுப்பா இருந்தப்பவே ஆஸ்பத்திரியில காட்டுங்கன்னு நானுந்தான் சொன்னேன்."

"அப்ப வலிக்காத பல்லுக்கு ஒரு நாள் வேலையக் கெடுத்திருக்கணுமா?"

அவள் ஊற்றிக் கொடுத்த டீயை உறிஞ்சியதும் பல்லில் சுருக்கென்றது. உள்ளங்கையில் துப்பினார். காலையில் சொத்தைக்குள் அவரே வைத்து அடைத்த வெள்ளை சிமெண்ட், பாதிப் பல்லோடு வந்திருந்தது.

"இப்பவாவது போங்கண்ணே."

"மாடிய முடிச்சிட்டுப் போறேன்."

சட்டியில் கலவை இறுகிக்கொண்டிருந்தது. சுண்டுவிரலால் கொஞ்சம் வழித்தெடுத்து வாயைத் திறந்தார்.