கோப்பையோட வர்ற ஆளு

"உன் பேரை எழுத முடியாதுடா. சம்பளத்துக்கு ஓடுறவன் பந்தயத்துல ஓடக் கூடாது. ஆசைக்கு ஓடுறவன்தான் ஓடணும். சட்டம்!"

கணக்கப்பிள்ளை பொன்னையா இப்படிச் சொன்னதும், தேயிலைத் தோட்டத்துத் தபால் பையைச் சுமக்கும் முருகையா தலையைச் சொறிந்தான்.

"எனக்கும் ஆசையாத்தான் இருக்குங்க ஐயா."

"பதுளைக்கு ஓடி ஓடி தபால் கொண்டு வர்றியே, அதுக்குச் சம்பளம் வாங்குறியா இல்லியா?"

"வாங்குறேங்க."

"அப்புறம் என்ன? போ, போ."

பொன்னையாவும் சம்பளம் வாங்குகிறவர்தான். ஆனால் அவர் வாங்குவது நின்ற இடத்தில் நின்று அதட்டுவதற்கு. அது சட்டத்தில் வராது.

பதுளைக்கு ரயில் வராத காலம் அது. தெமோதரைப் பக்கத்துத் துரைமார் சேர்ந்து, நாற்பத்தைந்து வயது தாண்டிய தோட்ட உத்தியோகத்தர்களுக்கு ஓட்டப் பந்தயம் வைத்திருந்தார்கள். தெமோதரையிலிருந்து பதுளை மைதானம் வரை எட்டு மைல். முதலில் வருபவருக்கு வெள்ளிக் கோப்பை. பொன்னையாவுக்கு வயது நாற்பத்தெட்டு. முருகையா இரண்டு வயது மூத்தவன்.

பொன்னையாவின் பயிற்சி இருக்கிறதே, அடேயப்பா! விடிந்ததும் மூன்று பச்சை முட்டை. பிறகு உடம்பெல்லாம் நல்லெண்ணெய். காலில் பதுளை ஜௌபர் கடையில் வாங்கிய புதுச் சப்பாத்து. காலைப் பெரட்டில் ஆட்களை வேலைக்குப் பிரித்து அனுப்பிவிட்டு ஓடக் கிளம்புவார். குடை, துவாலை, தேத்தண்ணிப் போத்தல் மூன்றையும் தூக்கிக்கொண்டு முருகையா பின்னால் ஓட வேண்டும்.

ஒரு மைல் போனதும் பொன்னையா பாலத்துக் கட்டையில் உட்கார்ந்துவிடுவார்.

"மூச்சைப் பாத்தியா? சிங்கம் மாதிரி இருக்குல்ல?"

"ஆமாங்க ஐயா."

சிங்கத்தை வீட்டில் கொண்டுபோய் விட்டுவிட்டு, முருகையா தபால் பையை எடுத்துக்கொண்டு பதுளைக்கு ஓடுவான். மத்தியானத்துக்குள் திரும்பியும் வந்துவிடுவான்.

பந்தயத்துக்கு முதல் நாள் பொன்னையா கணபதி கங்காணியைக் கூப்பிட்டார்.

"சாமந்தி மாலை ஒண்ணு கட்டி வை. லயத்து வீடுகள்ல இருக்கிற ஆளுங்க அத்தனை பேரும் ரோட்டுக்கு வரணும். கோப்பையோட வர்ற ஆளைக் கண்டதும் தப்படிச்சு மாலையைப் போடணும். கேள்வி கேட்டுக்கிட்டு நிக்கக் கூடாது. தெரிஞ்சுதா?"

"ஆகட்டுங்க."

அன்று இரவு பொன்னையாவுக்குத் தூக்கம் வரவில்லை. மாலை கழுத்தில் விழும் நேரத்தை நினைத்து நினைத்துப் புரண்டார்.

மறுநாள் ஞாயிறு. ஏழு மணிக்குத் தோட்டத்துத் துரை துப்பாக்கியால் வானத்தைச் சுட்டார். ஓடியவர்கள் மூன்றே பேர். மற்ற இரண்டு பேரும் பொன்னையாவைவிடப் பருமன்.

இரண்டாவது மைலில் பின்னால் வெறுங்கால் சத்தம் கேட்டது. திரும்பிப் பார்த்தால் முருகையா!

"சலாமுங்க ஐயா!" என்று தலையைக் குனிந்து சொல்லிவிட்டு அவரைத் தாண்டி ஓடினான்.

"டேய்! யாருடா உன்னை ஓடச் சொன்னது?"

கத்தியதில் இருந்த மூச்சும் போயிற்று. முருகையா அடுத்த வளைவில் மறைந்துவிட்டான். பொன்னையா தட்டுத் தடுமாறிப் பின்னால் ஓடினார். வேண்டாமென்று சொல்லியும் ஓடுகிறானே, என்ன திமிர்! இவனைத் தோட்டத்தை விட்டே துரத்தவில்லை என்றால் நான் கணக்கப்பிள்ளை இல்லை.

பாதி நடந்து, பாதி நொண்டி, ஒன்பது மணிக்கு ஐந்து நிமிடம் இருக்கும்போது மைதானத்தில் போய் விழுந்தார். மற்ற இருவரையும் இன்னும் காணோம். முருகையா மட்டும் வேலியோரமாகக் குந்தியிருந்தான்.

"தொரை! இந்தப் பயல் சட்டத்தை மீறி ஓடிட்டான்! அபராதம் போடுங்க!"

கடிகாரத்தோடு நின்ற பதுளைத் துரை சிரித்தார்.

"அவன் பந்தயம் ஓடலை, கணக்கப்பிள்ளை. அங்க ஏழு மணிக்குச் சுட்டாங்கன்னு இங்க எனக்கு எப்படித் தெரியும்? சுட்ட பிறகு உன் துரை நேரத்தைச் சீட்டுல எழுதி இவன்கிட்ட கொடுத்து விட்டார். எட்டு அஞ்சுக்குக் கொண்டு வந்துட்டான். அது ஓட்டம் இல்லை, வேலை."

பொன்னையாவுக்கு அப்பாடா என்றிருந்தது.

"அதானே! வேலைதானே!"

வெள்ளிக் கோப்பையைக் கையில் வாங்கினார். கண் கலங்கிவிட்டது. ஆனால் கால் இரண்டும் மரத்துப் போயிருந்தன. மாட்டுக் கரத்தை ஒன்றைப் பிடித்து, வண்டியில் கிடந்த வைக்கோலில் சாய்ந்துகொண்டார்.

"டேய் முருகையா! கரத்தையில குலுங்கிக் கோப்பை நசுங்கிடும். நீ தூக்கிட்டு முன்னால ஓடு. நான் வர்றதுக்குள்ள ஆளுங்க எல்லாரும் ரோட்டுல கூடியிருக்கணும்."

"சரிங்க ஐயா."

முருகையா ஓடினான்.

கரத்தை மலையேறித் தோட்டத்துக்கு வந்து சேர மத்தியானம் தாண்டிவிட்டது. பொன்னையா மீசையைத் தடவிவிட்டு நிமிர்ந்து உட்கார்ந்தார். தப்புச் சத்தமே இல்லை. ரோட்டில் ஈ, காக்கை இல்லை. கணபதி கங்காணி மட்டும் மரத்தடியில் வெற்றிலை மென்றுகொண்டிருந்தார்.

"கங்காணி! ஆளுங்க எங்க? மாலை எங்க?"

கணபதி எழுந்து லயத்துப் பக்கம் கையைக் காட்டினார். வாசலில் முருகையா கோப்பையை மடியில் வைத்தபடி, என்ன செய்வதென்று தெரியாமல் உட்கார்ந்திருந்தான். கழுத்து நிறையச் சாமந்தி. சுற்றிலும் பெண்கள் குலவை போட்டுக்கொண்டிருந்தார்கள்.

"ஐயா சொன்னபடிதாங்க செஞ்சோம். கோப்பையோட வந்த ஆளுக்கு மாலை போட்டாச்சு. கேள்வி கேக்கக் கூடாதுன்னீங்க. ஒருத்தரும் கேக்கலீங்க."