பால் டின்

"கதவச் சாத்துங்க! முதலாளி வீட்டுக் காரு நம்ம லயத்துப் பக்கம் இறங்குது."

நவமணி சொன்னதும் சிங்காரம் சோற்றிலிருந்து கையை எடுத்துவிட்டான். வெளியே சாயங்காலப் பனியில் இரண்டு விளக்குகள் தேயிலைச் சரிவை மெல்லச் சுற்றி வந்துகொண்டிருந்தன.

"என்னத் தேடித்தான் வராரு."

"நீங்கதான் கமிட்டில போட்டுக் குடுத்தீங்களா? என்கிட்டயாவது உண்மையச் சொல்லுங்க."

"சத்தியமா நான் இல்ல லா! நான் வாயே தொறக்கல."

லயத்தின் வரிசை வீடுகளைப் பிரிக்கும் பலகைச் சுவருக்கு அந்தப் பக்கம் இராசம்மா அடுப்பு ஊதுவதை நிறுத்தினாள். அவள் ஒட்டுக்கேட்கிறவள் இல்லை, சுவர்தான் மெல்லிசு. யார் வீட்டில் கருவாடு, யார் மகள் யாரைப் பார்த்துச் சிரித்தாள் என்பதெல்லாம் அந்த லயத்துக்கு அத்துப்படி. ஒரு வாரமாக அதற்குப் பிடிபடாத விஷயம் ஒன்றே ஒன்றுதான். பந்து லீக் கமிட்டியில் போய்ச் சொன்னது யார்?

ரெங்கசாமிக்குக் கம்போங் ராஜாவில் காய்கறி வியாபாரம், சொந்த லோரிகள். போதாததற்கு ஒரு பந்து டீமும் வைத்திருந்தார். சிங்காரம் அவருடைய லோரி டிரைவர். போன ஞாயிற்றுக்கிழமை எஸ்டேட் லீக் ஆட்டத்தில் அந்த டீம் தோற்றது. தோற்கடித்தவன் எதிர் டீம் கோல்கீப்பர் அலாங், காட்டோரத்து ஓராங் அஸ்லிப் பழங்குடி வாலிபன். வந்த பந்தையெல்லாம் பலாப்பழம் மாதிரி கட்டிப்பிடித்துவிட்டான்.

ஆட்டம் முடிந்தால் இரண்டு டீமுக்கும் முதலாளி செலவில் தேத்தண்ணி கொடுப்பது வழக்கம். ஊற்றியவன் சிங்காரம். அலாங் கையை நீட்டியபோது, பின்னால் மனைவியோடு நின்றிருந்த ரெங்கசாமி சொன்னார்:

"காட்டுக் கொரங்குக்கு எதுக்குடா கிளாசு? அந்தப் பால் டின்ல ஊத்து."

சிங்காரமும் காலி டின்னை எடுத்து ஊற்றினான். அலாங் அதை வாங்கி, குடிக்காமல், புல்லில் வைத்துவிட்டு நடந்தான்.

சுற்றி நின்றவர்கள் எல்லோரும் கேட்டார்கள். கமிட்டி விசாரிக்க வந்தபோது எல்லோருக்கும் காது அடைத்துவிட்டது. ஒரே ஒரு ஆள் மட்டும் ரகசியமாகப் போய்ச் சொல்லியிருந்தார். நாளைக்கு ரிங்லெட் ஊரில் விசாரணை. இன்னொரு சாட்சி வராவிட்டால் அதோடு சரி.

"சிங்காரம்!" சுவர் பேசியது. "தண்டன என்னவாம்? அபராதமா?"

"அபராதம் அவருக்கு என்னக்கா, ஒரு லோரி முட்டக்கோசு. டீமத் தூக்குனா ஆடுற பசங்க என்ன பாவம் செஞ்சாங்க? அவரையே வருசம் பூரா மைதானத்துக்குள்ள விடக்கூடாதுன்னு பேசிக்கிறாங்க."

"அப்படித்தான் செய்யணும். நாலு பேரு முன்னால கேவலப்படுத்துன ஆளு, நாலு பேரு முன்னால வரக்கூடாது."

"அப்ப நாளைக்கு நீங்க வந்து சொல்லுங்களேன்."

சுவருக்கு அந்தப் பக்கம் மறுபடி அடுப்பு ஊதும் சத்தம் கேட்டது.

"அவங்களுக்கு என்ன, வாய்க்கு வந்ததப் பேசுவாங்க," நவமணி கணவன் காதருகே கிசுகிசுத்தாள். "முதலாளி நம்ம எஸ்டேட் மேனேஜர்கிட்ட ஒரு வார்த்த சொன்னா உங்க வேலையோட, நான் கொழுந்து பறிக்கிறதுக்குக் குடுத்த இந்த வீடும் போயிடும். என்ன கேட்டாலும் கேக்கலன்னு சொல்லிடுங்க."

கார் வாசலில் நின்றது. இறங்கியது ரெங்கசாமி இல்லை. அவர் மனைவி நீலாவதி, தனியாக, தானே ஓட்டிக்கொண்டு வந்திருந்தாள். நெற்றியில் அகலக் குங்குமம், தோளைச் சுற்றிச் சால்வை. கல்யாணமாகி வேறு ஊரிலிருந்து வந்தவள். அவள் தாய்வீட்டுச் சங்கதி ஒன்றும் கிடைக்கவில்லையே என்பது இராசம்மாவுக்கு வெகுநாள் குறை.

உள்ளே வந்தவள் கதவைத் தானே சாத்தினாள்.

"அன்னிக்குத் தேத்தண்ணி ஊத்துனது நீதானே?"

"ஆமாங்கம்மா."

"முதலாளி என்ன சொன்னாரு? அப்படியே சொல்லு."

"ஒரே கூச்சலுங்க. கேக்கல."

"உன் முதுகுக்குப் பின்னாலதானே நின்னாரு?"

"காத்து... காத்து பலமா அடிச்சுதுங்க."

"கேக்காமயா டின்ன எடுத்த?"

சிங்காரம் வியர்வையைத் துடைத்தான். அந்தக் குளிரில் அவன் ஒருவனுக்குத்தான் வியர்த்தது.

நவமணி கும்பிட்டுக்கொண்டே குறுக்கே வந்தாள். "மாரியாத்தா மேல ஆணையா இவரு யார்கிட்டயும் சொல்லலங்கம்மா! நாளைக்கும் சொல்லமாட்டாரு."

"சொல்லவே மாட்டானா?"

"உசிரே போனாலும் சொல்லமாட்டாருங்க!"

நீலாவதியின் முகம் சுருங்கிப்போனது. நம்பவில்லை போலிருக்கிறதே என்று நவமணி பயந்தாள். பெட்டிக்குள் துணி சுற்றி வைத்திருந்த பூப்போட்ட கிளாஸை அவசரமாக எடுத்துக் கழுவினாள். கெட்டியாகப் பால் விட்டுத் தேத்தண்ணி கலக்கி, இரண்டு கையாலும் நீட்டினாள்.

"மொத தடவ வந்திருக்கீங்க. ஒரு வாய் குடிங்கம்மா. மனசுல ஒண்ணும் வச்சுக்காதீங்க."

நீலாவதி கிளாஸைத் தொடவில்லை. அடுப்போரம் கவிழ்த்து வைத்திருந்த காலிப் பால் டின்னையே பார்த்தாள்.

"எனக்கும் அதுலயே ஊத்திக் குடு நவமணி," என்றாள். "கமிட்டில சொன்னது நான்தான். அலாங் எங்கம்மாவோட கூடப்பொறந்த அண்ணன் மகன்."