குறை காணப் போன மீசை

"அந்தப் புதுக் கட்டடத்துல ஒரு குறையாவது கண்டுபிடிக்கலேன்னா என் மீசையை எடுத்துக்க" என்று ரூஃபஸின் முடிதிருத்தும் கடையில் எல்லோர் முன்னிலையிலும் சொல்லியிருந்தார் அப்பா.

அதனால் பூங்காவின் புது நீச்சல்குளக் கட்டடத் திறப்பு நாளில் சுற்றிப் பார்க்க ரூஃபஸும் எங்களோடு வந்திருந்தார். சட்டைப் பையில் சவரக்கத்தி.

முப்பது வருடத்து மீசை. எங்கள் பேட்டையான ஹார்லெமில் அப்பாவை முகத்தால் அறிந்தவர்களைவிட மீசையால் அறிந்தவர்களே அதிகம். இன்று பாதி முகத்தை முகக்கவசத்துக்குள் ஒளித்திருந்தார். சளியாம். ஜூலை மாதத்துச் சளி பொல்லாதது.

பூங்காவில் வேலை பார்க்கும் இமானி எங்களைப் புல்மேட்டில் ஏற்றினாள்.

"கட்டடம் எங்கேம்மா?" குறை கிடைத்த குஷியில் கேட்டார் அப்பா.

"அதோட கூரை மேலதான் சார் நிக்கறீங்க."

காலடியில் காட்டுப் பூக்கள். குன்றின் வயிற்றுக்குள் கட்டடத்தைச் செருகி வைத்திருந்தார்கள்.

கீழே இறங்கினோம். அப்பா கதவை ஆட்டிப் பார்த்தார். அது முனகக்கூட இல்லை.

முன்பு குழாய்க்குள் அடைபட்டுக் கிடந்த ஓடை, இப்போது வெயில் காய்ந்தபடி பூங்கா ஏரிக்குப் போய்க்கொண்டிருந்தது. கரையில் ஓர் ஆமை, தன் பெயரில் பட்டா இருப்பதுபோல் நடந்தது.

"ரொம்ப மெதுவா போகுது" என்றார் அப்பா.

"வெண்டெல், அது குறை இல்லய்யா. அது ஆமை" என்றார் ரூஃபஸ்.

கடைசியாக நீச்சல்குளம். பனிக்காலத்தில் இதுவே சறுக்குத் தளமாம். அடியில் ஒரு காசு கிடந்தால் பூவா தலையா என்று மேலிருந்தே சொல்லிவிடலாம், அப்படி ஒரு தண்ணீர்.

அப்பா போன வாரம் முழுக்க, வேலை முடிந்து வரும் வழியில், வேலிக்கு வெளியே நின்று இதையேதான் பார்த்துக்கொண்டிருந்தார். குறை தேடுகிறார் என்று நினைத்தேன்.

"பூட்டு கொண்டுவந்தவங்க இப்பவே தண்ணில இறங்கலாம்" என்றாள் இமானி.

எல்லோரும் சிரித்தோம். துணிமணி வைக்கும் அலமாரிக்குச் சொந்தப் பூட்டு இல்லாமல் எங்கள் ஊர்ப் பொதுக் குளங்களில் யாரையும் உள்ளே விடுவதில்லை. ஆனால் வேடிக்கை பார்க்க வருகிறவன் பூட்டோடா வருவான்?

அப்பா பையிலிருந்து ஒரு பூட்டை எடுத்தார்.

ரூஃபஸின் முகம் மலர்ந்தது. "மாட்டினியா! குறை சொல்ல வந்தவனுக்குப் பூட்டு எதுக்குய்யா? தோத்துட்டே. உக்காரு, இங்கயே எடுத்துடறேன்."

அப்பா காதில் வாங்காமல் உடைமாற்றும் அறைக்குள் போனார்.

நீச்சல் உடையில் திரும்பி வந்தார். முகக்கவசம் இல்லை.

மீசையும் இல்லை.

காலையில் குளியலறைக் கதவை நான் அவ்வளவு நேரம் தட்டியும் ஏன் திறக்கவில்லை என்று அப்போதுதான் புரிந்தது.

ரூஃபஸ் விரித்த கத்தியோடு நின்றார்.

அப்பா குதித்தார்.